பால்நிற வெளிச்சம்

...என் தலைக்குப் பின்னால் இருக்கும் வெளிச்சம் சூரியன் இல்லை, சூரியன் அந்தப் பக்கம், கரும்புத் தோகைக்கு மேலே மஞ்சளாக இருக்கிறது, இது வேறு, பால்நிறம், பக்கத்தில் மனைவி கோமதியின் தலைக்குப் பின்னாலும் அதே வெளிச்சம், முன்வரிசையில் மகன் வைரவன், மருமகள், பேத்தி மகிழினி, மூன்று பேரும் பொங்கப்பானையைச் சுற்றி வாய்கொள்ளாமல் சிரிக்கிறார்கள், நிஜத்தில் எங்கள் முற்றத்தில் அவர்கள் ஒரு பொங்கலுக்கும் சேர்ந்து நின்றதில்லை, மெல்போர்னிலிருந்து போட்டோக்களை அனுப்பி எல்லாரையும் ஒன்றாக வரையச் சொன்னவன் வைரவன்தான், இந்த வருசமும் லீவு இல்லப்பா, படத்தை நீங்க ஒருதடவ பாத்துட்டுச் சொல்லுங்க, பிரேம் போட்டு எங்களுக்கு ஒண்ணு கூரியர்ல வந்துரும் என்றான், சரிப்பா என்றேன், பேத்திக்குப் பக்கத்தில் என்னை நிறுத்தியிருக்கிறார்களா, அதைப் பார்க்கத்தான் சங்கரன்கோவில் கடைத்தெருவுக்கு வேகாத வெயிலில் ஓடிவந்தேன்.

கம்ப்யூட்டரில் படம் வரைகிற அமலி என்னைப் பார்க்கிறாள், படத்தைப் பார்க்கிறாள், மறுபடி என்னைப் பார்க்கிறாள், முகம் வெளுத்துப்போகிறது, அய்யா, நீங்க அவங்க அப்பாவா, ஆமாம்மா, ஏன், அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள், இறந்தவங்களைத்தான் அய்யா பின்னால நிறுத்தி வெளிச்சம் போடுவோம், காலடியில நிழல் வைக்கமாட்டோம், அவுக பழைய ஜோடிப் படத்தை அனுப்பி அப்பா அம்மான்னு மட்டும் எழுதியிருந்தாக, நான் ரெண்டு பேருமே... எனக்குச் சிரிப்புத்தான் வந்தது, செத்தவன் செருப்பு மாட்டிக்கொண்டு தன் படத்தைப் பார்க்க வந்த கதை, கோமதி கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பாள், சிரித்துவிட்டு, இப்படி வெளிறின சட்டையோடயா போய் நின்னீங்க என்பாள், பானை பொங்கும்வரை அந்த இடத்தைவிட்டு நகரமாட்டாள், என்னையும் நகரவிடமாட்டாள், எந்தப் பக்கம் பொங்குது பாருங்க, பாருங்க, நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன், அவள் இறந்துபோன வருசம் துக்கம், பொங்கல் இல்லை, அடுத்த வருசம் ஒரு கை அரிசி எடுத்தேன், ஒருத்தனுக்கு எந்தப் பானையை வைப்பது, திரும்பக் கொட்டிவிட்டேன்.

தப்பு என்னோடதுதான் அய்யா, இப்பவே மாத்திருதேன், முன்னால கொண்டு வந்துருதேன் என்கிறாள் அமலி, கண்மூடித் திறப்பதற்குள் முன்வரிசைக்கு வந்துவிட்டேன், வெளிச்சம் போய்விட்டது, காலடியில் கறுப்பாக நிழல் விழுகிறது, ஆசீர்வதித்துக்கொண்டிருந்த கை இறங்கி மகிழினியின் தோளில் உட்காருகிறது, நான் ஆசைப்பட்டதெல்லாம் இதுதான், இப்ப சரியா அய்யா, சரிதான்ம்மா என்று சொல்ல வாயெடுத்தேன், அப்போதுதான் கோமதியைப் பார்த்தேன், அது எங்கள் ஜோடிப் படத்திலிருந்து எடுத்தது, அதில் அவள் என் தோளில் சாய்ந்திருப்பாள், இப்போதும் சாய்ந்துதான் நிற்கிறாள், அந்தப் பக்கம் யாருமில்லை.

பழையபடியே வச்சிரும்மா என்றேன், அய்யா, நீங்க உயிரோட இருக்கீங்களே, இருக்கேம்மா, முன்னால மூணு பேர் இருக்காங்க, பின்னால அவ ஒருத்தி, அமலி என்னைக் கோமதிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள், தலைக்குப் பின்னால் பால்நிறம் பரவியது, காலடி நிழலைத் துடைத்தாள், பேத்தியின் தோளிலிருந்து என் கையை எடுத்தாள்.