மீட்டர் வெளிச்சம்

அன்பரசுவின் கால்கள் இரண்டும் காரின் முன்கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. தலை டேஷ்போர்டுக்கு அடியில். பல்லிடுக்கில் டெஸ்டர். மல்லாந்து படுத்தபடி இடது கையால் ஒயர்க் கற்றையை ஒதுக்கிப் பிடித்து, வலது கையால் மீட்டரின் முதுகைத் தடவித் தடவி ஒரு பல்பை ஹோல்டரோடு பிடுங்கினான். வைகாசி வெயிலில் தகரக் கொட்டகை கொதித்தது. நெற்றியில் வழிந்த வியர்வை நேராகக் காதுக்குள் போனது.

"ஆச்சாப்பா?" என்றார் வெளியே நின்ற குப்புராஜ்.

"இருண்ணா. தலைகீழா தொங்கிகினு கீறேன், ஜல்தி பண்ணா ஆவுமா?"

சேவூர் போகும் ரோட்டில் அன்பரசுவின் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடைக்கு அந்த வெள்ளை அம்பாசிடர் இதே குறையோடு வருவது இரண்டாவது தடவை. கார், பட்டு வியாபாரி வீரபாகுவுடையது. குப்புராஜ் அதன் டிரைவர். வண்டி வாங்கிய நாளிலிருந்து வேறொரு கை அதன் ஸ்டீரிங்கைத் தொட்டதில்லை. சேலை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு விடியுமுன் காஞ்சிபுரம், சென்னை என்று கிளம்புகிற வண்டி. இருட்டில் மீட்டர் தெரியவில்லை, லைட்டு ரொம்ப டல் என்று போன வாரம் கொண்டுவந்து விட்டார்.

அப்போது குறை உண்மையாகவே இருந்தது. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை குப்புராஜ் சந்தனத்தையும் குங்குமத்தையும் மீட்டர் கண்ணாடி மேலேயே வைப்பார். வண்டிக்கு அதுதான் முகம் என்பது அவருடைய கட்சி. வருஷக்கணக்கான குங்குமமும் சாம்பிராணிப் புகையும் அப்பிக் கிடந்ததை அன்பரசு கழற்றித் துடைத்து, பழைய பல்புகளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு மாட்டி, எர்த் ஒயரைச் சுரண்டி இறுக்கி அனுப்பினான். இப்போது மறுபடியும் டல் என்று வந்து நிற்கிறார். அன்பரசுவுக்குச் சுருக்கென்றுதான் இருந்தது.

பல்பில் ஒரு குறையும் இல்லை. ஒயரிலும் இல்லை. அவன் எழுந்து, மூலையில் சுருட்டி வைத்திருந்த கறுப்புக் கம்பளியை எடுத்து உதறினான். பகலில் மீட்டர் லைட்டைச் சோதிக்க அதுதான் வழி. டிரைவர் சீட்டில் குப்புராஜ், பக்கத்தில் அவன், இருவர் தலைக்கும் மேலாக டேஷ்போர்டு வரைக்கும் கம்பளி. உள்ளே மூச்சு முட்டியது. பீடி வாசனையும் வியர்வை நாற்றமும் ஒன்றாகக் கலந்தன. அவன் சுவிட்சைத் தட்டினான்.

"பாருண்ணா. கல்யாண வூடு மாதிரி கீது."

"டல்லாதாம்பா கீது."

"இதுவா டல்லு? உன் மீசையில நிக்கிற வேர்வைகூட தெரியுது எனக்கு. சரி, பெட்ரோல் முள்ளு எங்க நிக்குது, சொல்லு."

குப்புராஜ் கண்ணாடியில் மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்தார். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்த்தார்.

"அரையில."

முள் அடியில் சிவப்புக் கோட்டின் மேல் படுத்துக் கிடந்தது. கேலி செய்கிறார் என்று நினைத்து அன்பரசு சிரித்துவிட்டான். பிறகு அந்த வெளிச்சத்தில் அவர் முகத்தைப் பார்த்தான். இரண்டு கண்மணிகளிலும் கஞ்சித் தண்ணி மாதிரி ஒரு வெண்மை. சிரிப்பு நின்றுபோனது.

"எத்தினி நாளாண்ணா?"

கம்பளியை விலக்க அவரும் கை தூக்கவில்லை, இவனும் தூக்கவில்லை.

"தீபாவளிக்கு முன்னாடியே ஆரம்பிச்சிடுச்சி. முகாம்ல காட்டினேன். புரைன்னுட்டாங்க. இலவசமாவே ஆபரேசன் பண்றாங்க. ஆனா பண்ணா ஒரு மாசம் குனியக்கூடாது, தலைக்கு ஊத்தக்கூடாது, ஸ்டீரிங்கையே தொடக்கூடாதாம். முகூர்த்த சீசன்ல ஒரு மாசம் படுத்தா மொதலாளி இன்னா பண்ணுவாரு? வேற ஆள வச்சிடுவாரு."

"அதுக்காக?"

"ஆடி பொறக்கட்டும். ஆடியில எவன் கல்யாணம் பண்றான், எவன் பட்டு எடுக்கறான்? வெள்ளிக்கிழமைன்னா மொதலாளி படவேடு கோயிலுக்குப் போவாரு, அவ்ளோதான். அந்த ஒரு மாசம் அவரு மச்சானே ஓட்டிக்குவாரு. நான் சத்தமில்லாம போயி பண்ணிகினு வந்துடுவேன். அதுவரைக்கும் இந்த முள்ளு மட்டும் தெரிஞ்சா போதும்பா. இன்னைக்கு விடியக்காலம் பெட்ரோல் கீதான்னு கேட்டாரு. கீதுன்னேன். வழியில வண்டி நின்னுபோச்சி. மீட்டர் லைட்டு டல்லுன்னு சொல்லிட்டேன். வேற இன்னா சொல்றது?"

"ரோடு நெசமா தெரியுதாண்ணா?"

"அது எனக்குத் தெரியாத ரோடா? எதிர்ல லைட்டு வந்தா கொஞ்சம் பூ பூவா விரியும். ஸ்லோ பண்ணிடுவேன்." அவர் குரல் இறங்கியது. "அன்பு, இது மொதலாளி காதுக்குப் போச்சின்னா என் பொழப்பு போச்சி."

"சேச்சே, இன்னாண்ணா. நான் எவன்கிட்ட சொல்லப்போறேன்?"

அன்பரசு அன்று செய்யக்கூடாத ஒன்றைச் செய்தான். மீட்டருக்கான பொடி பல்புகளைக் கழற்றிவிட்டு, ஹோல்டரின் வாயை நெம்பி அகலமாக்கி, பார்க்கிங் லைட்டுக்குப் போடுகிற பெரிய பல்புகளை உள்ளே திணித்தான். மறுபடி கம்பளிக்குள் பார்த்தபோது அவனுக்கே கண் கூசியது. குப்புராஜ் நிமிர்ந்து உட்கார்ந்து, "இப்ப தேவல," என்றார்.

வாரம் திரும்புவதற்குள் வீரபாகுவே வந்துவிட்டார். மகனுடைய ஸ்கூட்டரை ரோட்டோரம் நிறுத்திவிட்டு, வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். ஹாரன் சரிசெய்ய வந்த லாரிக்காரர்கள் இரண்டு பேர் அங்கே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னாப்பா அன்பரசு, வேலை தெரிஞ்சிதான் செய்றியா? ரெண்டு வாட்டி வண்டிய வுட்டாச்சி. நேத்து சூடு ஏறினது தெரியாம எஞ்சின் கொதிச்சிப்போச்சி. கேட்டா மீட்டர் தெரியலன்றான் குப்புராஜு. ஒரு பல்பு மாட்டத் தெரியாதவனுக்கு எதுக்குய்யா போர்டு? நான் வேலூர்லயே காட்டிக்கிறேன்."

லாரிக்காரர்களில் ஒருவன் டீயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். அன்பரசுவுக்குக் காது மடல் சுட்டது. வேலை தெரியாதவன் என்ற பேச்சு ஒரு லாரி ஸ்டாண்டுக்குப் போனால் மறுநாள் ஊர் முழுக்கப் போய்விடும்.

"என் பல்புல ஒரு கொறையும் இல்ல மொதலாளி. உங்க டிரைவரு கண்ணுலதான் கொறை. புரை. முகாம்லயே சொல்லிட்டாங்க, போய்க் கேளுங்க."

சொல்லி முடித்ததுமே அதை விழுங்கிவிட முடியாதா என்றிருந்தது. வீரபாகு கோபப்படவில்லை. குரல் இறங்கிவிட்டது.

"புரையா? அடடா. எங்கம்மாவுக்கும் அதேதான். போன வருசம் சென்னையில ரெண்டு கண்ணும் பண்ணோம். குப்புராஜுதான் பூ மாதிரி கூட்டிகினு போயி கூட்டிகினு வந்தான். மூணாம் நாளே டி.வி. பாத்தாங்க."

அன்பரசு அதைப் பிடித்துக்கொண்டான். "அப்ப அண்ணனுக்கும் பண்ணிட்டா சரியாப்பூடும் மொதலாளி. ஒரே மாசம்..."

"ஒரு மாசமா! வைகாசி, ஆனி முகூர்த்தத்த வச்சிகினு வண்டிய ஷெட்டுல போடச் சொல்றியா? நல்ல வேளை, நீயாவது சொன்னே. புள்ளைங்க போற வண்டி." அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

"தப்பு வேற எங்கியோ கீது பாரு," என்றான் சிரித்த லாரிக்காரன், இந்தத் தடவை மரியாதையாக. சொன்னது நல்லதற்குத்தானே, நாளைக்கு எவன் மேலாவது வண்டி ஏறினால் யார் பதில் சொல்வது என்று அன்பரசு தனக்குள்ளேயே வாதாடிப் பார்த்தான். அந்த நியாயமும் பொய்யில்லை. ஆனால் அதற்காக அவன் சொல்லவில்லை. அது அவனுக்கு நன்றாகத் தெரிந்திருந்ததால், ஹாரனைக் கழற்றும்போது லாரிக்காரன் முகத்தைக்கூட அவனால் பார்க்க முடியவில்லை.

மறுநாள் குப்புராஜ் நடந்து வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை.

"யாரோ பத்த வச்சிட்டாம்பா. ஸ்டாண்டுல ஒருத்தன் ரொம்ப நாளா இந்த வண்டி மேல கண்ணு வச்சிகினு இருந்தான், அவனாத்தான் இருக்கும். மொதலாளி ஒரு வார்த்தை கடிஞ்சி பேசல. சாவிய வாங்கிகினு, கண்ண பாத்துக்கோ குப்புராஜுன்னு வேட்டி சட்டை குடுத்தாரு." பையைத் தூக்கிக் காட்டினார். "உன்னை நான் நெனைக்கவே இல்ல அன்பு. உன்கிட்ட சொன்னது கெணத்துல போட்ட கல்லு."

அன்பரசு பாட்டரியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். நிறைந்து வழிந்ததை அவன் கவனிக்கவில்லை.

"இனிமே ஆடி வரைக்கும் எதுக்கு காத்துகினு இருக்கணும்? அடுத்த முகாமுக்குப் போயிடறேன். கூட ஒரு ஆளு வரணும்ன்றாங்க. என் வூட்டுக்காரி பச்சையம்மா நடவுக்குப் போவுது, ஒரு நாள் கூலிய வுட்டா கஷ்டம். நீ வர்றியாப்பா?"

கடையைச் சாத்திவிட்டு அன்பரசு போனான். முகாமில் பெயர் கேட்டவர்களிடம், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடம், வார்டில் அடுத்த கட்டில்காரரிடம் எல்லாம் குப்புராஜ், "நம்ம தம்பி. கூடப் பொறந்தவன்கூட இப்படி வரமாட்டான்," என்று சொன்னார். ஒவ்வொரு தடவையும் அன்பரசு பாத்ரூம் பக்கமோ டீக்கடைப் பக்கமோ எழுந்து போனான். அங்கேயே சொல்லிவிடலாம் என்று பார்த்தான். பச்சைத் துணி கட்டிய கண்ணோடு அவர் கையை நீட்டி, "அன்பு, கீறியா?" என்று காற்றில் தேடியபோது, "கீறேண்ணா," என்பது மட்டும்தான் வந்தது.

ஆடி பிறந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் குப்புராஜ் கறுப்புக் கண்ணாடியோடு கடை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஒரு கண் தெளிந்துவிட்டது. முந்தின நாள்தான் வீரபாகுவைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். ஆள் அமைந்துவிட்டான், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றாராம். அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வெள்ளை அம்பாசிடர் வந்து நின்றது. புது டிரைவர் இறங்கினான். ஆபீசருக்கு ஓட்டியவன் போல மடிப்புக் கலையாத சட்டை.

"இந்த மீட்டர் லைட்ட எவன்யா போட்டான்? பேஜாரா கீது. ராத்திரியில முன் கண்ணாடியில அடிச்சி கண்ண குத்துது. கொறைச்சிக் குடு. மொதலாளி படவேடு கெளம்பணும்."

அன்பரசு கறுப்புக் கம்பளியை எடுத்தான்.

"நான் ஒரு வாட்டி பாக்கறேம்பா," என்றார் குப்புராஜ். புது டிரைவர் தோளைக் குலுக்கிவிட்டு டீக்கடைப் பக்கம் போனான்.

சீட்டில் ஏறி உட்கார்ந்தவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கம்பளி மூடியது. அன்பரசு சுவிட்சைத் தட்டினான்.

"யப்பா!" குப்புராஜ் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "இன்னாடா வெளிச்சம் இது, கொளுத்துது. பெட்ரோல் அரைக்கு ஒரு நூல் கம்மி. மீட்டர் ஓரத்துல ஒரு வெடிப்பு வேற வுட்டுகீது, இத்தினி நாளா நான் பாக்கவே இல்லையே." முள் நின்ற இடத்தில் கண்ணாடி மேல் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு அன்பரசு பக்கம் திரும்பாமலே பேசினார். "நீ அன்னிக்கே சரியாத்தான் போட்டிருக்க அன்பு. நான்தான் என் வயித்துக்காக உன் வேலைய டல்லு டல்லுன்னு சொல்லிகினு திரிஞ்சேன். மொதலாளிகூட உன்னை வந்து திட்டினாராமே. மனசுல வச்சிக்காதப்பா."

அன்பரசு வாயைத் திறந்தான். கம்பளிக்குள் சூடு தாங்கவில்லை. அந்த வெளிச்சத்தில் அவனுடைய முகம் அவருக்கு இப்போது முழுசாகத் தெரியும் என்பது அப்போதுதான் உறைத்தது. சட்டென்று கையை நீட்டிச் சுவிட்சை அணைத்தான்.

மல்லாந்து படுத்துப் பெரிய பல்புகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். குப்புராஜ் கதவோரம் குந்தி டார்ச் அடித்துக்கொண்டிருந்தார். "அந்த செவப்பு ஒயருக்குப் பின்னாடி இன்னொண்ணு நிக்குது பாரு," என்று கடைசி பல்பைக் காட்டிக்கொடுத்தார். எழுந்திருக்கும்போது பழக்கத்தில் தோள் துண்டை எடுத்து ஸ்டீரிங்கை ஒரு சுற்றுத் துடைத்துவிட்டார்.

புது டிரைவர் வந்து ஏறி ரிவர்ஸ் எடுத்தான். ரோட்டில் பஸ் ஒன்று வந்துகொண்டிருந்தது. குப்புராஜ் ஓடிப்போய்ப் பின்னால் நின்று, ஒரு கையால் பஸ்ஸை நிறுத்தி, மறு கையால், "வா... வா... ரைட்டுல ஒடி... போதும், போ," என்று காட்டினார். வண்டி திரும்பி வீரபாகுவின் வீட்டுப் பக்கம் போனது. சூடு ஆறாத பல்புகளைக் கைக்குள் மூடிக்கொண்டு அன்பரசு கொட்டகைக்குள்ளேயே நின்றான். நடு ரோட்டில் குப்புராஜின் கை இன்னும் இறங்கவில்லை.