ஒன்பதரைக்கும் பத்தேகாலுக்கும் நடுவே

மனித குலம் நேரத்தைக் கண்டுபிடித்த நாள் முதல் அதை ஒழுங்காக வரிசைப்படுத்தியவன் நான் ஒருவன்தான். கல்லூரி விடுமுறையில், எட்டே நாளில், அண்ணியின் பல் கிளினிக்குக்காக இதைச் சாதித்தேன். அங்கே ஒரே நாற்காலி. காலை எட்டு முதல் ஒரு மணி வரை வேலை. யார், எத்தனை மணிக்கு, எத்தனை நிமிடம் என்று தட்டினால் போதும். என் புரோகிராம் நேரங்களை அடுக்கி, ஒருவர் முடிவதற்குள் அடுத்தவர் தொடங்கினால் சிவப்பு காட்டும்.

அதுவரை அந்த வேலையைப் பார்த்தவர் வரவேற்பு மேசை அம்மா. காதில் எப்போதும் பென்சில் செருகியிருப்பதால் நான் வைத்த பெயர் பென்சில். கட்டம் போட்ட நோட்டில் ஒரு கட்டம் பதினைந்து நிமிடம் என்று வைத்து, ஒவ்வொரு நோயாளிக்கும் ஸ்கேலால் ஒரு கோடு இழுப்பார். இரண்டு கோடுகள் ஒரே கட்டத்துக்கு நேராக வந்தால் ரப்பர்.

"தண்டவாளம் போடறீங்களாம்மா?" என்று கேட்டுவிட்டு, நோட்டை உள்ளே வைக்கச் சொன்னேன். மறுபேச்சு இல்லாமல் வைத்தார். எனக்கு அப்போதே இடித்தது.

முதல் வாரமே வியாழக்கிழமை பத்தேகாலுக்கு, நாற்காலியில் ஒருவர் வாயைப் பிளந்தபடி இருக்க, வீங்கிய கன்னத்தோடு இன்னொருவர் வந்து நின்றார். திங்களன்றும் அதே கதை. இரண்டு முறையும் சிவப்பு வரவில்லை. இரண்டு முறையும் மணி பத்தை ஒட்டி. பென்சில் டீ குடித்துவிட்டு வந்து உட்காரும் நேரமும் அதுதான்.

கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நோயாளிகளுக்கு நடுவே உட்கார்ந்து இரண்டு நாள் கண்காணித்தேன். என்னைக் கண்டதும் மேசை டிராயரைச் சாத்தினார். போனில் குரலைத் தாழ்த்தினார். பல் வலியா என்று ஒரு தடவை விசாரித்தார். அந்தக் கரிசனத்திலும் ஏதோ இருந்தது.

நோட்டு திரும்பி வருவதற்காகப் பென்சில் திருட்டுத்தனமாக ஆட்களை நுழைக்கிறார் என்று அண்ணியிடம் வழக்கை வைத்தேன். பதினோரு வருஷமாகக் கூட இருப்பவராயிற்றே என்று அண்ணி கையுறையைக் கழற்றினார்.

"வந்தவங்க முகத்துல முழிக்க முடியல, கொழுந்தனாரே. நீங்க உறுதியாச் சொன்னா நாளைலேருந்து வர வேணாம்னு சொல்லிடறேன். உறுதிதானா?"

மதியத்துக்குள் ஆதாரம் தருவதாகச் சொன்னேன்.

புரோகிராம் அடுக்கிய திங்கட்கிழமைப் பட்டியலை அச்செடுத்தேன். முதல் வரி 10:15. அடுத்து 11:00. அப்புறம் 8:30. கடைசியில் 9:30, ஒரு மணி நேரம்.

நேரத்தை நேரமாக அடுக்காமல் வெறும் எழுத்தாக அடுக்கியிருந்தேன். பத்து 'ஒன்றில்' தொடங்குவதால் முதலில், ஒன்பது கடைசியில். என் புரோகிராம் ஒவ்வொருவரையும் அடுத்த வரியோடுதான், அதையும் வெறும் எழுத்தாகவே, ஒப்பிடும். ஒன்பதரைக்கு அடுத்த வரியே கிடையாது. பத்தரை வரை நாற்காலியை விடாத மனிதர், யாரோடும் மோதாமல் ராஜா மாதிரி கடைசியில் உட்கார்ந்திருந்தார்.

அப்படியானால் இத்தனை நாளில் இரண்டே இரண்டு மோதல்தானா? எனக்குச் சந்தேகம் விடவில்லை. பென்சிலிடம் போய் டிராயரைத் திறக்கச் சொன்னேன். உள்ளே நோட்டு. தினமும் கோடு போட்டிருந்தார். மோதியவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்து நேரத்தை மாற்றியிருந்தார்.

"அந்த ரெண்டு பேர்தான் போனை எடுக்கல தம்பி. நீங்க ஆசையாப் பண்ணது, எதுக்குக் குறை சொல்லணும்னு விட்டுட்டேன்."

அண்ணி எட்டிப் பார்த்து, ஆள் அகப்பட்டாச்சா என்றார்.

"வீட்டு ஆள்தான், அண்ணி."

என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

நேரத்தையெல்லாம் நிமிடமாக மாற்றி அடுக்கும்படி திருத்தினேன். ஒன்பதரையும் பத்தேகாலும் இப்போது பளிச்சென்று சிவந்தன. நாளைய பட்டியலில் ஒரு சிவப்பும் இல்லை.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. சுற்றிலும் பார்த்துவிட்டு, பென்சிலிடம் பென்சிலைக் கேட்டேன். அப்புறம் ஸ்கேல். முதல் கட்டத்தில் எட்டு மணி என்று எழுதிக் கோடு போட ஆரம்பித்தேன்.