ஒண்ணா, ரெண்டா?

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி ஆனால் போதும், என் கடையில் நான்கு கிழவர்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அமெரிக்கக் கால்பந்தில் அணியை நடத்திப் பந்தை எறிகிறவன்தான் குவார்ட்டர்பேக். உலகத்திலேயே பெரிய குவார்ட்டர்பேக் யார் என்று சண்டை. இருபது வருடமாக இதே சண்டை. ஒருத்தனாவது ஒரு தடவையாவது மனசு மாறியிருக்கிறானா? மூச்!

பிட்ஸ்பர்க் பக்கத்தில் மெக்கீல் என்கிற எங்கள் ஊரின் பாலத்துக்குக் கீழே இருக்கும் சாப்பாட்டுக் கடை என்னுடையது. என் பெயர் ரோசலி பெட்ராக். கல்லாவுக்குப் பின்னால் ஒரு கரும்பலகை மாட்டியிருக்கிறேன். அதில் மூன்று பெயர்கள்: பிரேடி, மொன்டானா, யுனைட்டஸ். எங்கள் பிட்ஸ்பர்க் அணியின் பிராட்ஷாவை மட்டும் எழுதவிட மாட்டேன். அவர் வீட்டு மனிதர். வீட்டு மனிதருக்கு யாராவது மார்க் போடுவார்களா?

பிரேடிக்கு ஓட்டுப் போடுகிறவன் கஸ் ஃப்ராட்டோ. பிட்ஸ்பர்க்கை எத்தனை வருடம் அழவைத்த பிரேடி! அவருக்கு இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு வக்காலத்து வாங்கத் தனித் தைரியம் வேண்டும். கஸ்ஸுக்கு அது நிறைய உண்டு, வெட்கம்தான் கிடையாது. மொன்டானாவுக்கு ஓட்டுப் போடுகிறவன் கிளைட், தபால்காரனாக இருந்து ஓய்வு பெற்றவன். மொன்டானா எங்கள் ஆற்றங்கரைப் பிள்ளை, இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் வளர்ந்தவர் என்பதால் கிளைட்டுக்குத் தானே பெற்று வளர்த்ததாக நினைப்பு. யுனைட்டஸுக்கு எமில் சபோல்.

நாலாவது ஆள் பெர்னி குஸ்மா. அவன் ஓட்டே போட்டதில்லை. பள்ளிக்கூட அணியில் அவன் சென்டர். குனிந்து நின்று, பந்தைக் கால்களுக்கு நடுவே பின்னால் கொடுக்கிறவன். "குவார்ட்டர்பேக் மூஞ்சியை நான் எங்கடா பார்த்தேன்? எனக்கு அவன் கை மட்டும்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு சாசேஜைக் கடிப்பான். அவனுக்குத் தெரிந்த கை எமிலுடையது. 1971-ல் எங்கள் பள்ளியின் குவார்ட்டர்பேக் எமில்தான்.

மார்ச் மாதம் எமிலுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. நாம் சொல்வதெல்லாம் புரிகிறது, சிரிக்கிறான், முறைக்கிறான், ஆனால் ஒரு வார்த்தை வரவில்லை. அவன் மனைவி ஜாய்ஸ் விடாமல் செவ்வாய்தோறும் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவாள். பதினொரு மணிக்குத் திரும்பி வந்ததும் கதவிலிருந்தே கேட்பாள், "ஏதாவது பேசினானா?" இல்லையென்று நான் தலையை ஆட்டுவேன். ஏழு மாதமாகத் தலையை ஆட்டி ஆட்டிக் கழுத்து வலித்துவிட்டது.

இந்த அக்டோபரில் ஒரு செவ்வாய், கடை திறக்கும் முன்பே பெர்னி பின்கதவைத் தட்டினான். நான் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தேன். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. தொப்பியைக் கையில் வைத்துப் பிசைந்தான்.

"ரோசலி, அது ரெண்டு" என்றான்.

"எது ரெண்டு?"

"எழுபத்தொண்ணு. ஆத்துக்கு அந்தப் பக்கத்து ஸ்கூலோட ஆடினது. எமில் ரெண்டுலன்னுதான் சொன்னான். நான்தான் ஒண்ணுல கொடுத்துட்டேன்."

கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தேன். வைத்தது நல்லதாகப் போயிற்று.

அந்த ஆட்டத்தைப் பற்றி மெக்கீலில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. உங்களுக்குச் சொல்கிறேன். நவம்பரில் வரும் நன்றி நாள் விடுமுறைக் காலை, சேறு, ஆறு புள்ளி பின்தங்கியிருக்கிறோம். புள்ளி வாங்கப் பந்தோடு கடக்க வேண்டிய கோட்டுக்கு ஒரு கெஜம் இருக்கிறது, கடிகாரத்தில் ஐந்தாறு விநாடி. எல்லாரும் கூடி நின்று பேச நேரமில்லை. எமில் ஓடிவந்து பெர்னியின் பின்னால் நின்று, அவன் காதில் மட்டும் ஒரு எண்ணைச் சொன்னான். குவார்ட்டர்பேக் "ஹட்" என்று கத்துவான். ஒன்று என்றால் முதல் கத்தலிலேயே பந்து வரவேண்டும். இரண்டு என்றால், முதல் கத்தலில் எதிராளி ஏமாந்து பாய்வான், இரண்டாவதில் பந்து வரும். எமில் ஒரு தடவைதான் கத்தினான். பந்து வந்துவிட்டது. கை தயாராக இல்லை. பந்து சேற்றில் விழுந்தது, எதிராளி அதன்மேல் விழுந்தான், ஆட்டம் முடிந்தது. நான் பேண்டு வாத்தியக் குழுவில் கிளாரினெட்டோடு நின்று ஓவென்று அழுதேன்.

உடை மாற்றும் அறையில் கோச் கேட்பதற்கு முன்பே எமில் சொல்லிவிட்டான்: "நான் ஒண்ணுன்னு சொல்லிட்டு, ரெண்டுன்னு நெனச்சுட்டேன்." தான் சொன்னதைத் தானே மறந்த குவார்ட்டர்பேக்! அன்றிலிருந்து இந்த ஊரில் யாராவது தடுமாறினால் "ஒண்ணா, ரெண்டா?" என்றுதான் கேட்போம். எமிலின் கல்யாணக் கேக்கில் அதை எழுதினார்கள். அவன் ஓட்டிய பள்ளிப் பேருந்தில் குழந்தைகள் அதைக் கத்தின. நான் மட்டும் யோக்கியமா? முப்பது வருடம் ஒவ்வொரு செவ்வாயும், "முட்டை ஒண்ணா, ரெண்டா எமில்? மறந்துடாதே" என்று கேட்டுக் கடை முழுக்கச் சிரிக்கவைத்தவள் நான். அவனும் சேர்ந்து சிரிப்பான்.

பாத்திரம் துடைக்கும் துணியால் பெர்னியை நான்கு அடி அடித்தேன்.

"அம்பத்திமூணு வருஷம்! உனக்குச் சோறு எப்படிடா இறங்குச்சு?"

"எங்கப்பன் என்னைக் கொன்னிருப்பான் ரோசலி. எமிலுக்கு அது தெரியும். நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள அவன் சொல்லிட்டான். மறுநாள் சொல்லலாம்னு நெனச்சேன். மறுநாள் பேப்பர்ல வந்துடுச்சு. அப்புறம்... அப்புறம் எப்பச் சொல்றது?"

"இப்ப மட்டும் என்ன வந்தது?"

அவன் கண் கலங்கியது. "எப்பவாவது ஒருநாள் சொல்லி அவன்கிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கலாம்னு இருந்தேன். இப்ப திட்டுறதுக்கு அவனுக்கு வாயில்லை. இன்னும் தள்ளிப்போட்டா ரெண்டு பேர்ல ஒருத்தன் இருக்க மாட்டோம்."

"இன்னைக்கே சொல்ற. எல்லார் முன்னாலயும் சொல்ற. இல்லேன்னா நான் சொல்லுவேன்" என்றேன். அழுகை வந்தது. ஆத்திரத்தில் வந்த அழுகை, பாதி என்மேலேயே.

ஒன்பது மணிக்கு ஜாய்ஸ் எமிலைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டுப் போனாள். நான் கேட்காமலே இரண்டு முட்டை வைத்தேன். அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கஸ்ஸும் கிளைட்டும் அதற்குள் ஆரம்பித்துவிட்டார்கள்.

"ஏழு கோப்பைடா! ஏழு!" என்று கஸ் விரல்களைக் கிளைட்டின் மூக்குக்கு நேரே நீட்டினான். "அந்த வருஷம் புது ஆள் எடுக்கிறப்ப நூத்தித் தொண்ணூத்தொன்பதாவது ஆளா எடுத்தாங்க. போனாப் போகுதுன்னு எடுத்தாங்க. இருபத்தஞ்சு புள்ளி பின்னால இருந்து ஃபைனலை ஜெயிச்சான். உன் ஆளு ஜெயிப்பானா?"

"என் ஆளு அவ்வளவு பின்னால போனாத்தானே!" என்றான் கிளைட். "நாலு ஃபைனல், நாலும் ஜெயம். எதிராளி கையில ஒரு பந்து கொடுத்தானா? ஃபைனல்ல கடைசி மூணு நிமிஷம், தொண்ணூத்திரெண்டு கெஜம் போகணும், அவனவனுக்கு வயித்தைக் கலக்குது. இவன் கூட்டத்துல ஒரு சினிமா நடிகர் இருக்கார் பாருன்னு காட்டுறான்! நெஞ்சுக்குள்ள ஐஸ் பெட்டி வச்சிருந்தான்டா."

கஸ்கூட வாயைத் திறந்து ரசித்தான். இதுதான் இவர்களிடம் எனக்குப் பிடித்தது. எதிரியின் ஆளைப் புகழ்ந்தாலும் முகம் மலர்ந்துபோகும். பிறகுதான் திட்டுவார்கள்.

"யுனைட்டஸுக்கு யார் பேசுறது?" என்று கிளைட் கேட்டான். எமில் பேச முடியாமல் போனதிலிருந்து நான்தான் அவனுக்காகப் பேசுகிறேன். அவன் வழக்கமாகச் சொல்வது எனக்கு மனப்பாடம். யுனைட்டஸைப் பிட்ஸ்பர்க் வேண்டாம் என்று அனுப்பியது, கட்டட வேலைக்குப் போய்க்கொண்டே ஆட்டத்துக்கு ஆறு டாலர் என்று உள்ளூர் மைதானத்தில் ஆடியது, பிறகு தொடர்ந்து நாற்பத்தேழு ஆட்டத்தில் கோட்டுக்குப் பந்து எறிந்தது, ஆட்டத்தில் எப்போது எதைச் செய்வது என்று கோச்சைக் கேட்காமல் தானே முடிவெடுத்தது. எல்லாம் சொன்னேன். எமில் இடது கையால் மேசையைத் தட்டி ஆமோதித்தான்.

நான் பெர்னியைப் பார்த்தேன். அவன் எழுந்தான்.

"இன்னைக்கு நானும் ஓட்டுப் போடறேன்."

கஸ் காபியைத் துப்பாத குறை. "அடேயப்பா! கல்லு வாயைத் திறந்துடுச்சு. யாருக்குடா?"

"எமிலுக்கு."

"யுனைட்டஸுக்கா?"

"எமிலுக்குடா, செவிடா!"

பெர்னி சொல்ல ஆரம்பித்தான், வார்த்தை சிக்கியது. பிறகு மேடைமேல் பந்து மாதிரி இருந்த ரொட்டியை அப்படியே முழுசாகத் தூக்கி, எமிலின் நாற்காலிக்கு முன்னால் முதுகைக் காட்டித் தரையில் குனிந்தான். எழுபது வயது, இரண்டு முழங்காலும் போன ஆள். எலும்பு நொறுங்கும் சத்தம் எனக்கே கேட்டது.

"இப்படித்தான் நின்னேன்" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டே. "இவன் என் காதுல 'ரெண்டு'ன்னான். எனக்கு நல்லாக் கேட்டுச்சு. பயத்துல ஒண்ணுலயே கொடுத்துட்டேன். இவன் மறக்கலை. இவன் எதையும் மறக்கலை. எங்கப்பன் அடிப்பானேன்னு பழியைத் தூக்கித் தலையில போட்டுக்கிட்டான். ஏழு கோப்பை, நாலு கோப்பைன்னு பேசுறீங்களே, இந்த மாதிரி ஒருத்தனுக்குப் பந்து கொடுத்தவன் நான். அம்பத்திமூணு வருஷமா வாயைப் பொத்திக்கிட்டு இருந்தேன். எமில், என்னைத் திட்டுடா. திட்ட முடியலேன்னா ஒரு உதையாவது விடு, வசதியாத்தான் குனிஞ்சிருக்கேன்."

யாரும் சிரிக்கவில்லை. கிளைட் கண்ணாடியைக் கழற்றினான்.

எமிலின் முகம் சிவந்துவிட்டது. உதடுகள் எதையோ தேடி அலைந்தன. ஜாய்ஸின் பெயரைச் சொல்ல முயன்றபோதெல்லாம் இப்படித்தான் அலைந்து தோற்றுப்போகும். இடது கையைப் பெர்னியின் முதுகில் வைத்தான். பழைய இடத்திலேயே வைத்தான் என்று நினைக்கிறேன், பெர்னியின் உடம்பு சிலிர்த்தது.

"ஒ..." என்றான் எமில்.

நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"ஒ... ஒண்ணு."

பெர்னி குனிந்தபடியே தலையைத் திருப்பினான். "இல்லடா. ரெண்டு. நீ ரெண்டுன்னுதான் சொன்னே."

"ஒண்ணு" என்றான் எமில். இந்த முறை சுத்தமாக வந்தது. இடது கையின் ஆள்காட்டி விரலையும் தூக்கிக் காட்டினான், எங்கள் எல்லாருக்கும் தெரியும்படி.

"எமில், தயவுசெஞ்சு..."

"ஒண்ணு!"

அந்த ரொட்டி பெர்னியின் கையிலிருந்து நழுவி உருண்டது. அவன் தரையில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். முப்பது வருடத்தில் முதல் தடவையாகக் கஸ் ஃப்ராட்டோ சத்தம் போடாமல் பேசினான்.

"எந்திரிடா பெர்னி. எண்ணிக்கை சொல்றது குவார்ட்டர்பேக். அவன் ஒண்ணுன்னா ஒண்ணுதான்."

கிளைட்டும் கஸ்ஸும் ஆளுக்கொரு கையைப் பிடித்து அவனைத் தூக்கி எமில் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். எமில் தன் தட்டிலிருந்து ஒரு முட்டையை முள்கரண்டியால் தள்ளித் தள்ளி அவன் தட்டில் போட்டான். கஸ் என்னிடம், "பலகையில என் ஓட்டை அழிச்சிடு" என்றான். கிளைட், "என்னோடதையும்" என்றான். நான் பலகைப் பக்கமே போகவில்லை. காபியைக்கூடக் கோப்பையில் ஊற்றாமல் சாசரில்தான் ஊற்றினேன்.

பதினொரு மணிக்குக் கதவு மணி அடித்தது. ஜாய்ஸ், கோட்டைக்கூடக் கழற்றாமல், வழக்கம்போல அங்கிருந்தே கேட்டாள்.

"ஏதாவது பேசினானா?"

எமில் என்னை முறைத்தான். முறைத்துவிட்டுப் போகட்டும்.

"பேசினான் ஜாய்ஸ்" என்றேன். "ஒரே ஒரு வார்த்தை. அதுவும் பச்சைப் பொய்."