பத்தில் பாதி

வளையத்தின் உட்புறத்தில் முகம் பார்த்து, சீப்பை எடுத்துத் தலையை ஒருமுறை வாரிக்கொண்ட பிறகே துளசிங்கம் வரைபடத்தைக் கையில் வாங்கினார். இரண்டு வருஷத்துக்கு முன் பல்லாவரத்துப் பட்டறையில் அவரே லேத்தில் கடைந்து கொடுத்த அலுமினிய வளையம் அது. கல்லூரிச் சோதனைக்கூடத்துக் கம்ப்ரஸரில், சுழலும் பிளேடுகளைச் சுற்றி உறையாக உட்கார்ந்திருந்தது. அதைத் தாம்பரத்திலிருந்து ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்த எலியேசர் சார், அந்தக் கண்ணாடி வழவழப்பின்மேல் சுற்றுப் பள்ளமாகப் பத்துக் காடி வெட்டித் தரச் சொல்கிறார்.

“நல்லா கீற பொண்ணு மூஞ்சில கோடு போடச் சொல்றியே சார். அதுவும் பெத்தவன் கையால.”

எலியேசரின் கஷ்டம் வேறு. கம்ப்ரஸர் காற்றை இழுத்து அழுத்தி வெளியே தள்ளும். போகிற வழியிலிருக்கும் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடினால் அழுத்தம் ஏறும். வால்வுச் சக்கரம் ஆறாம் கோட்டைத் தொட்டதும் காற்று மேலே போக மறுத்துத் திரும்பிப் பாய்ந்து, கட்டடமே அதிர ஒரு இருமல் இருமும். போன தடவை இருமியபோது மாடியில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்த அறுபது பேரும் மரத்தடிக்கு ஓடிவிட்டார்கள். அவர்களுக்கு மறுபரீட்சை வைக்க வேண்டியதாயிற்று. வெள்ளிக்கிழமை கூடத்தைப் பார்வையிடக் கமிட்டி வருகிறது. ஏழாம் கோடு வரை இருமாமல் போவேன் என்று எலியேசர் எழுதிக் கொடுத்திருந்தார். போகாவிட்டால் மோட்டார் ஹாஸ்டல் கிணற்றுக்கு. கூடத்தில் டேபிள் டென்னிஸ். மேஜை ஏற்கெனவே வந்து வராந்தாவில் நின்றிருந்தது.

பிளேடு நுனிகளுக்கு நேரே உறையில் வளையமாகக் காடி வெட்டினால், அங்கே சோர்ந்து தேங்கும் காற்று காடிக்குள் புகுந்து நழுவிவிடும், இருமல் தள்ளிப்போகும் என்று வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் படித்திருந்தார். ஐந்து காடி போதும். ஐந்தைப் பத்தாக்கியது அவர் மனைவி ஹில்டா, பல்லாவரம் சந்தையில் பாத்திரக்கடை போட்டவரின் மகள்.

“அஞ்சு வேணும்னா பத்து கேளுங்க. அந்தத் துளசிங்கம் ஒரு டபராவுக்கு எங்கப்பாவை முக்கா மணி நேரம் நிக்க வெச்சவரு.”

அதனால் பிளேடுக்கு நேரே ஐந்தும், அதைத் தாண்டி ஒப்புக்கு ஐந்துமாக வரைந்துகொண்டு வந்திருந்தார்.

துளசிங்கம் இரண்டில் ஆரம்பித்தார். எலியேசர் ஒன்பதுக்கு இறங்கினார். டீ வந்தது. மூன்றுக்கு மேல் முடியாது என்று துளசிங்கம் வளையத்தைத் துண்டால் போர்த்தினார். ஹில்டா சொல்லிக் கொடுத்தபடி எலியேசர் அதைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் நடந்தார். ஏழாவது அடியில் கூப்பிட்டார்கள். ஐந்துக்குப் படிந்தது. வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு பேரத்தில் ஜெயித்தவர், கீர்த்தனை ஒன்றை விசிலடித்துக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்தார்.

வியாழக்கிழமை மத்தியானம் துளசிங்கம் வளையத்தைக் கல்லூரிக்குத் தானே சுமந்து வந்தார். ஐந்து காடி, நகையாசாரி வெட்டினது போல. ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது.

“பத்துல பாதின்னு ஒண்ணு வுட்டு ஒண்ணு போட்டேன் சார். அஞ்சும் ஒரே பக்கம் வந்தா கோணையா பூடும். நடுவுல கண்ணாடி அப்டியே கீது பாரு.”

எலியேசர் உட்கார்ந்துவிட்டார். மூன்றுதான் பிளேடுக்கு நேரே இருந்தன. மற்ற இரண்டும் ஆளில்லாத ஊரில் திறந்த கடை. மறுபடி வெட்ட வழியில்லை. லேத்தில் தோல் தொழிற்சாலையின் உருளை ஏறியிருந்தது, இறங்க இரண்டு நாளாகும். எந்த ஐந்து என்று சொல்லாமலா வந்தீர்கள் என்று ஹில்டா ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். அதற்குப் பதிலாக அவள் கத்தியிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை கமிட்டித் தலைவர் ஸ்ரீநிவாசராகவன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இஸ்திரி போட்ட சட்டையில் துளசிங்கமும் வந்திருந்தார். மகளை எந்த வீட்டில் கொடுத்திருக்கிறோம் என்று பார்க்க வேண்டாமா? காற்று நுழையும் வாயில், அது திரும்பினால் காட்டிக்கொடுக்கக் கட்டிய சிவப்புக் கம்பளி நூல்கள் உள்நோக்கி நேராகப் பறந்தன. எலியேசர் வால்வைத் திருகினார். நாலு. ஐந்து. ஆறு.

இருமவில்லை.

ஆறரையில் ஸ்ரீநிவாசராகவன் கையைத் தூக்கினார். வரைபடத்தில் பென்சிலை வைத்து, “இந்த ரெண்டு காடிக்கு நேரா பிளேடே இல்லையே. இது எதுக்கு?” என்றார்.

எலியேசர் துளசிங்கத்தின் பக்கம் திரும்பினார்.

“அது பார்வைக்கு சார்,” என்றார் துளசிங்கம்.

ஸ்ரீநிவாசராகவன் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நோட்டில் என்னவோ வெகுநேரம் எழுதினார். “சரி. ஏழுக்குப் போங்க.”

“ஆறே முக்கால் சார்,” என்றார் எலியேசர். அது எப்படித் தன் வாயிலிருந்து வந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

“ஏழுன்னு நீங்கதானே எழுதிக் குடுத்திருக்கீங்க?”

வராந்தாவில் யாரோ இரண்டு பையன்கள் பொறுக்கமாட்டாமல் ஆடத் தொடங்கியிருந்தார்கள். பந்து டொக் டொக்கென்று கேட்டது. எலியேசர் திருகினார். ஆறே முக்காலைத் தாண்டியபோது ஒரே ஒரு நூல் மட்டும் தலையைத் திருப்பி வெளியே எட்டிப் பார்ப்பதுபோல் வளைந்தது. துளசிங்கம் உறையின் மேல் உள்ளங்கையை வைத்தார். மறுகை தானாகப் பைக்குள் போய்ச் சீப்பை எடுத்து, வாராமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றது. வராந்தாவில் பந்துச் சத்தம் நின்றிருந்தது.