நாலரைக் கட்டை

கண்ணாடிக் கடையில் அரைநாள் விடுப்புப் பெற்று வந்தவள், பயிற்சி அறைக்குச் செல்லும் படிகளில் ஏறுகையில், நான்காக மடித்த காகிதம் உள்ளங்கையில் இருக்கிறதா என்று மீண்டும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். அதில், தனக்குப் பதிலாகப் பாடக்கூடிய வேறொரு பாடகியின் தொலைபேசி எண் இருந்தது. இசைக்குழுவின் நால்வரும் மூன்றாண்டுகள் உழைத்துப் பதிவுசெய்த முதல் இசைத்தொகுப்பு வெளிவந்த மறுவாரமே அவளுக்குக் கழுத்தில் அறுவைச் சிகிச்சை நேர்ந்தது. குரல் திரும்பும், எவ்வளவு உயரம் ஏறும் என்பதை மட்டும் தம்மால் சொல்ல இயலாது என்றார் மருத்துவர். நான்கு மாதங்களாக அவள் பாடவில்லை. தொகுப்பின் பாடல்கள் யாவும் ஐந்து கட்டைச் சுருதி. ஞாயிற்றுக்கிழமை மேடை.

மிதிவண்டி பழுதுபார்க்கும் கடைக்கு மேலிருந்தது அந்த அறை. ஓசை வெளியேறாதிருக்கச் சன்னல்களில் பழைய மெத்தைகளைச் சாய்த்திருந்தார்கள். கிட்டார் வாசிக்கும் தம்பியும், பேஸ் கிட்டார் வாசிக்கும் கணவரும், தன் பேச்சு எவர் காதிலும் விழாததால் கேலியாக ‘இடி’ என்று பெயர் பெற்ற டிரம்ஸ்காரனும் அவளைக் கண்டதும் சொல்லிவைத்தாற்போல் எழுந்து நின்றனர். அவள் அரைமணி நேரம் முன்னதாக வந்துவிட்டிருந்தாள். முன்பெல்லாம் பயிற்சியின் தொடக்கத்தில் அவள்தான் சுருதி கொடுப்பாள்; அவள் முனகலைப் பிடித்துத்தான் தந்திகளைக் கூட்டுவார்கள். இன்று அவளிடம் அதைக் கேட்க எவருக்கும் வாய் வரவில்லை.

காகிதத்தைக் கொடுக்குமுன் ஒருமுறையேனும் கேட்டுவிட வேண்டும் என்றிருந்தது அவளுக்கு.

“முதல் பாட்டை வாசிங்க. நான் பாடல, கேக்குறேன்.”

தம்பி மாமாவைப் பார்த்தான். மாமா தரையைப் பார்த்தார். இடி குச்சிகளால் நான்கு தட்டினான்.

எழுந்த ஓசை, தகரக் கூரையில் பாத்திரக்கடை சரிந்தாற்போல் இருந்தது. இரண்டாவது அடியிலேயே எல்லாரும் நிறுத்திவிட்டனர்.

“மாப்ள, நீ எறக்கினியா?”

“ஒரு கட்டை. நீங்க?”

“ரெண்டு.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல, மாமா?”

“நீ சொன்னியா? இவ வர்றதுக்குள்ள சொல்லலாம்னு இருந்தேன்.”

இடி தொண்டையைச் செருமிக்கொண்டான். தானும் தோல்களைச் சற்றுத் தளர்த்தியிருப்பதாக அவன் சொன்னது அவர்களுக்கு இரண்டாம் முறைதான் கேட்டது. டிரம்ஸுக்கு ஏதடா கட்டை என்று தம்பி சீறினான்.

“அக்காவுக்கு ஏதாவது செய்யணும்னு தோணுச்சு. எங்கிட்ட இருக்கிறது இதுதானே.”

அவள் சிரித்தாள். நான்கு மாதங்களாகக் கழுத்துத் தழும்பு இழுக்குமோ என்று அஞ்சி அடக்கியே பழகிய சிரிப்பு, இப்போது கண்ணில் நீர் வரும்வரை நிற்கவில்லை. “மூணு பேருமா சேர்ந்து என்னைப் பாதாளத்துல எறக்கிட்டீங்களே” என்றவள், சிரிப்பின் முடிவில் தன் குரல் எங்கோ ஓரிடத்தில் தங்கி நிற்பதை உணர்ந்தாள். கரகரப்பு இருந்தது, ஆயினும் நடுக்கமில்லை.

“பேசாம இருங்க. நான் சுருதி தரேன்.”

கண்களை மூடி முனகினாள். தம்பி கிட்டாரில் அதைத் தேடினான்; நான்கில் அது கிடைக்கவில்லை. தலை நிமிர்ந்து, “நாலரை, மாமா” என்றான் மெதுவாக. கணவர் தந்தியை முறுக்கத் தொடங்கினார்.

சாவியால் தோல்களை இறுக்குவதற்காகக் குனிந்த இடி, மேளத்தின் கால் ஒன்று ஆடுவதைக் கண்டு, அவள் கையிலிருந்து எப்போதோ நழுவித் தரையில் கிடந்த காகிதத்தை எடுத்து மேலும் ஒரு மடிப்பு மடித்து அதனடியில் செருகினான். கண் திறந்தவள் அதைப் பார்த்துவிட்டு மீண்டும் கண்களை மூடிக்கொண்டாள். கணவரின் தடித்த தந்தி மட்டும் இன்னும் மேலே வந்து சேரவில்லை. மூச்சு தீரும் தறுவாயிலும் முனகலை விடாமல், அது வரட்டும் என்று அவள் காத்திருந்தாள்.