காற்று வாரிக் கொட்டிய பனி

மொன்றியலை ஒட்டிய லவாலில் இருந்து காஸ்பேசி மலையடிக்கு வந்து சேர ஒரு பகல் முழுக்கக் கார் ஓட்டத்திலேயே போய்விட்டது. மறுநாள் காலை, தங்கிய குடிலில் தேத்தண்ணி ஆறிக்கொண்டிருக்க, அனோஜினி போனில் பனிச்சரிவு அறிவிப்பை வாசித்தாள். ஓயாமல் அடித்த மேற்குக் காற்று புதுப் பனியை வாரிக் கிழக்குச் சரிவுகளில் கொட்டி, பலகை மாதிரி இறுக்கிவைத்திருந்தது. அதற்கு அடியில் பழைய பனி சீனி போல உதிர்ந்து கிடந்தது.

"கிழக்குப் பக்கம் வேண்டாம், டினோ. காட்டுக்குள்ளாலயே போவம்."

"ஓம், பாப்பம்," என்றான் தம்பி டினோஜன். மொன்றியல் துறைமுகத்தில் கொள்கலன் லொறி ஓட்டுபவன். அவன் 'பாப்பம்' என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும்.

வானம் துடைத்துவிட்ட நீலமாக இருந்தது. காலில் பூட்டிய ஸ்கீ சறுக்குப் பலகைகளோடு மலையேறிக் காட்டைக் கடந்ததும் காலடியில் 'வும்' என்று ஓர் அமுங்கிய சத்தம். சுற்றியிருந்த பனி முழுவதும் விரலளவு கீழே இறங்கியது. அவளுடைய ஸ்கீ நுனியில் இருந்து வெடிப்பொன்று கோடாக ஓடியது.

"கேட்டதே? திரும்புவம்."

"இவ்வளவு தூரம் வந்துபோட்டே? அங்க பார், முந்திப் போன ஆக்களின்ர தடம் கிடக்கு. ஒருக்கா இறங்கிப்போட்டு வாறன். நீ மரத்தடியில நில்."

அவள் அவனது சட்டைக் கையைப் பிடித்தாள். சிரித்தபடி உதறிவிட்டு ஏறினான்.

உச்சியில் அவன் புள்ளியாகத் தெரிந்தான். இறங்கத் தொடங்கி, முதல் வளைவை அழகாக எடுத்தான். அடுத்த வளைவில், அவனுக்கு மேலே சரிவு குறுக்காகப் பிளந்தது. பிளந்த பிறகுதான் சத்தம் வந்தது. வெண்புழுதி எழுந்து அடங்கியபோது அங்கே அவன் இல்லை.

"டினோ! டினோ!"

நெஞ்சில் கட்டியிருந்த பீக்கன் கருவியைத் தேடும் நிலைக்கு மாற்றிக்கொண்டு பனிக்கட்டிகள் மீது ஓடினாள். புதைந்தவனின் பீக்கனிலிருந்து வரும் சமிக்ஞை நெருங்க நெருங்கக் கருவி விடாமல் கத்தியது. முதுகுப்பையில் இருந்து எடுத்த நீளக் கம்பியைப் பனிக்குள் குத்திக் குத்திப் பார்த்தாள். ஓரிடத்தில் கம்பி மெத்தென்று நின்றது. சவள் மண்வெட்டியால் வெட்டினாள், பனி சீமெந்தாக இறுகியிருந்தது. சிவப்புத் தொப்பி வந்தது, பிறகு நீலம் பாரித்த முகம். வாய்க்குள் விரலை விட்டுப் பனியைத் தோண்டி எடுத்தாள். மூச்சில்லை. வாயோடு வாய் வைத்து ஊதினாள். பிறகு அவனிடமிருந்து ஓர் இருமல்.

அவனுடைய தொடை எலும்பு முறிந்திருந்தது. போனில் அழைத்த மீட்புக்காரர் வரும்வரை அவனை மடியில் அணைத்துக்கொண்டு, மேலே இன்னும் சரியாமல் தொங்கிக்கொண்டிருந்த பாதிச் சரிவையே பார்த்தபடி இருந்தாள்.

மொன்றியல் ஆஸ்பத்திரிக்கு மாற்றிய பிறகுதான் பனிக்கடியில் கிடந்ததைப் பற்றி அவன் கதைத்தான்.

"அக்கா, நீ மேல நடந்தது கேட்டது. கூப்பிட்டதும் கேட்டது. என்ர தலைக்கு மேலயே நிண்டனி. நான் கத்தினன்... உனக்குக் கேக்கேல்லை, என்ன?"

"இல்லையடா," என்றாள் அனோஜினி. "ஒரு சத்தமும் கேக்கேல்லை."