இடுப்பில் இரண்டு தட்டு

டோபின் மார்ஷ் மாதிரி ஒருவன் பந்தை எறிந்து நான் பார்த்ததில்லை. இனிப் பார்ப்பேன் என்றும் தோன்றவில்லை. மண்டியிட்டு உட்கார்ந்தபடியே பாதி மைதானத்துக்கு எறிவான். எறிந்துவிட்டு, பந்து போய்ச் சேர்வதற்குள் எங்கள் பக்கம் திரும்பிக் கண்ணடிப்பான். பிடிக்கிறவன் பிடித்தானா என்றுகூடப் பார்க்க மாட்டான். அவ்வளவு நம்பிக்கை, அவ்வளவு திமிர். இதே ஆள்தான் கோச் பிரிட்சர்டின் அறைக்குள் உயிருள்ள கோழிகளை விட்டுக் கதவைச் சாத்தியவன். வீடியோ போட்டுப் பாடம் நடக்கும்போது தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்கியவன். இருபத்திரண்டு வயதிலும் பையில் புளிப்பு மிட்டாய் இல்லாமல் வெளியே கிளம்பாதவன்.

நான் அந்தக் கல்லூரி அணியின் சென்டர். எங்கள் கால்பந்து உதைக்கிற ஆட்டம் இல்லை, மோதுகிற ஆட்டம். ஒவ்வொரு முறையும் குனிந்து, பந்தைக் கால்களுக்கு நடுவே பின்னால் நிற்கும் குவாட்டர்பேக் டோபினின் கையில் கொடுத்துவிட்டு, எதிரே வருகிறவன் மேல் போய் விழுவது என் வேலை. வாங்கியவன் எறிவான், கான்சஸ் மாநிலம் முழுக்க அவன் பெயரைக் கத்தும். என் பெயரை என் அம்மா மட்டும் கத்துவார்.

பந்து கிளம்புவதற்கு முன் இன்னொரு வேலை இருக்கிறது. எதிரணி ஆட்கள் நிற்கிற விதத்தை வைத்து, எந்தப் பக்கமாகப் பாயப் போகிறார்கள் என்று கண்டுபிடித்து, நம் தடுப்பு வரிசை எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று கத்திச் சொல்ல வேண்டும். முறைப்படி அது குவாட்டர்பேக்கின் வேலை. உட்கார்ந்து பழைய ஆட்டங்களை வீடியோவில் பார்த்துப் பார்த்துக் கண் சிவந்தவனுக்குத்தான் அது வரும். டோபினுக்கு உட்காரவே வராது.

முதல் வருடம் ஓர் ஆட்டத்தில் என் பின்னால் வந்து நின்றவன் முழித்தான். பிறகு என் வலது இடுப்பில் இரண்டு முறை தட்டினான். நாங்கள் பேசி வைத்துக்கொண்டதில்லை. ஆனாலும் எனக்குப் புரிந்தது. ‘எனக்குத் தெரியல, நீ சொல்லு’ என்கிறான். “இடது, இடது” என்று கத்தினேன். வரிசை இடது பக்கம் சாய்ந்தது, அவன் நிதானமாக நின்று எறிந்தான், ஜெயித்தோம். வீடியோவில் பார்த்துக் கோச் கண்டுபிடித்துவிட்டார். கண்டிப்பார் என்று நினைத்தேன்.

“அவன் எறியட்டும், யோடர். மத்ததெல்லாம் நீ பாத்துக்க” என்றார்.

நான்கு வருடம் பார்த்துக்கொண்டேன். கடைசி வருடம் நாங்கள் தோற்றது ஒரே ஓர் ஆட்டம். அன்று எனக்குக் காய்ச்சல்.

அவன் மேல் கோபப்பட்டு மாளாது. வியாழக்கிழமை மாலை குவாட்டர்பேக் தன் தடுப்பு வரிசைக்கு மாட்டிறைச்சி வாங்கித் தருவது வழக்கம். டோபின் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போவான், ராஜா மாதிரி ஆர்டர் செய்வான், பர்ஸை மட்டும் அறையில் விட்டுவிட்டு வந்திருப்பான். நாங்களே கொடுத்துவிட்டு அவனைத் திட்டிக்கொண்டே சிரிப்போம். எங்களில் ஒருவனை எதிரணிக்காரன் கீழே தள்ளி மிதித்துவிட்டால், முதலில் ஓடி வந்து அந்த மலைமாட்டின் சட்டையைப் பிடிப்பவனும் அவன்தான்.

தொழில்முறை அணிகளுக்கு ஆள் பார்க்க வருகிறவர்கள் மார்ச்சில் வந்தார்கள். டன்லப் என்று ஒருவர், நரைத்த மீசை, மென்மையான குரல். டோபின் எறிந்ததை ஒரு மணி நேரம் பார்த்தார். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டார்.

“தம்பி, தடுப்பு வரிசைக்குப் பக்கம் சொல்றது யாரு? அவனா, நீயா?”

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்கு அந்த லீக்கின் ஆட்களைத் தெரியும். ஒவ்வொருவனும் வண்டி மாதிரி வந்து மோதுவான். தெரியாதவனைத் தெரிந்தவன் என்று சொல்லி அதற்குள் தள்ள எனக்கு மனம் வரவில்லை.

“நான்தான் சார் சொல்றது. ஆனா அவன் கத்துக்குவான். ரெண்டு வருஷம் யாராவது பெரிய ஆளுக்குப் பின்னாடி உக்கார வையுங்க. உடனே எறக்கிடாதீங்க.”

அவர் சிரித்தார். “அந்தக் கை இருக்கு பாரு, அது யாரும் சொல்லிக் குடுத்து வராது. மத்தத நாங்க சொல்லிக் குடுத்துக்குறோம்.”

மறுநாள் டோபின் என் அறைக் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தான். முகம் வெளிறியிருந்தது.

“அந்த டன்லப்பும் ஆளுங்களும் போர்டுல படம் போட்டு, எந்தப் பக்கம் வரான்னு கேட்டாங்க. முழிச்சேன். ‘உன் சென்டர் சொன்னது நெசந்தான்’னு ஒருத்தன ஒருத்தன் பாத்து சிரிச்சாங்கடா.”

“பொய் சொல்லியிருக்கணும்ங்கிறியா?”

“ஆமா. ஒரே ஒரு பொய். நாலு வருஷமா உன் முதுகைத்தானடா பாத்துட்டு நின்னேன். அது இப்படித் திரும்பும்னு நெனைக்கல.”

போய்விட்டான். தொழில்முறை அணிகள் கல்லூரி ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் மூன்று நாளில் அவனை முதல் நாளே எடுத்துவிடுவார்கள் என்று ஊர் முழுக்கப் பேசியது. இரண்டாம் நாள்தான் பெயர் வந்தது. டிவியில் காட்டினார்கள். அவன் வீட்டுச் சோபாவில், அம்மாவுக்குப் பக்கத்தில், எனக்கென்று அவன் முன்பே சொல்லி வைத்திருந்த இடத்தில் யாரோ ஒரு மாமா உட்கார்ந்திருந்தார். என் பெயரை எந்த அணியும் கூப்பிடவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. என் கைகள் குட்டை என்று முன்னாலேயே சொல்லிவிட்டார்கள். டிராக்டர் உதிரிபாகக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன்.

கோடை முழுக்க அவனிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. அக்டோபரில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் போன் வந்தது. அவர்கள் அணியின் முதல் குவாட்டர்பேக்குக்கு விரல் உடைந்திருந்தது.

“யோடர், உயிரோட இருக்கியா?”

“இருக்கேன்.”

“நாளைக்கு நான் ஆடுறேன்டா.”

“தெரியும். கடைக்கு வர்றவனெல்லாம் அதத்தான் பேசுறான்.”

மார்ச்சில் நடந்ததைப் பற்றி அவனும் பேச்செடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அந்தக் குரலைக் கேட்டதே எனக்குப் போதுமாக இருந்தது. கொஞ்ச நேரம் கோச்சைக் கேலி செய்தான். பிறகு குரல் இறங்கியது.

“எங்க சென்டர் ப்ரூவர் இருக்கார்ல, முப்பத்தஞ்சு வயசு ஆளு. என்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேச மாட்டேங்கிறார்டா.”

“என்ன பண்ணித் தொலைச்ச?”

“புதுசா வந்தவன் வெள்ளிக்கிழமை காலைல அவரோட தடுப்பு வரிசைக்கு சூடா பன்னும் சாசேஜும் வாங்கிட்டுப் போகணுமாம். நான் ஒரு பெட்டி புளிப்பு மிட்டாய் வாங்கிட்டுப் போனேன். சும்மா ஜோக்குக்குடா. ஒருத்தனும் சிரிக்கல.”

“எந்த வெள்ளிக்கிழம?”

“எல்லா வெள்ளிக்கிழமையும்.”

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அது சாப்பாட்டு விஷயமா? அந்த மேசையில்தான் சென்டரும் குவாட்டர்பேக்கும் பேசிக்கொள்வார்கள். நீ எதைப் பார்ப்பாய், நான் எதைப் பார்ப்பேன், தடுமாறினால் என்ன சைகை என்பதெல்லாம் வாய் நிறைய பன்னை வைத்துக்கொண்டு முடிவாகிற விஷயங்கள். இவன் அந்த மேசையில் உட்காரவே இல்லை.

“பக்கம் சொல்றது ப்ரூவரா?”

“இல்லடா, இங்க குவாட்டர்பேக்தான் சொல்லணும். அதான் இவங்க முறை.”

அந்த வாரம் முழுக்க எதிரணியின் பழைய ஆட்டங்களைக் கடை மேசையில் போனைச் சாய்த்து வைத்துப் பார்த்திருந்தேன். ஏன் பார்த்தேன் என்று கேட்காதீர்கள்.

“கேளு டோபின். அவங்க அம்பத்தொண்ணாம் நம்பர் இடது பக்கமா முன்னாடி வந்து நின்னான்னா அது வேஷம். வலது பக்கமாத்தான் பாய்வாங்க. நீ ‘வலது’ன்னு கத்து. வேற ஒண்ணுமே ஞாபகம் இல்லாட்டியும் இத மட்டும் வச்சுக்க.”

“ம். ம்.”

அந்த ‘ம்’முக்குப் பின்னால் டுமீல் டுமீல் என்று சத்தம் கேட்டது. வீடியோ கேம் ஆடிக்கொண்டிருக்கிறான்.

“நான் என்ன சொன்னேன்? திருப்பிச் சொல்லு.”

“அம்பத்தொண்ணு... இடது. பாத்துக்கலாம் விடு. நீ ஏன் எங்கம்மா மாதிரி...”

போனை வைத்துவிட்டேன்.

ஞாயிறன்று அம்மா சில்லி என்கிற பீன்ஸ், இறைச்சிக் குழம்பும் பட்டைத்தூள் போட்ட இனிப்பு ரோலும் செய்திருந்தார். சோபாவில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். முதல் பாதியில் டோபின் எறிந்த எறிகளைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது. அவ்வளவு அழகு. வர்ணனையாளர்கள் இனி இந்த அணிக்குப் பத்து வருடம் கவலையில்லை என்றார்கள். “நம்ம புள்ளடா” என்று அம்மா என் தோளில் அடித்தார். நேற்றைய கோபமெல்லாம் எனக்கு மறந்தே போயிற்று.

கடைசிக் கால்பகுதி. டோபினின் அணி மூன்று புள்ளி முன்னால் இருந்தது. எதிரணி வரிசையிலிருந்து ஐம்பத்தொன்றாம் நம்பர் மெதுவாக நடந்து இடது பக்கமாக முன்னால் வந்து நின்றான்.

டோபின் ப்ரூவரின் பின்னால் போய் நின்றான். அந்தப் பக்கம் பார்த்தான், இந்தப் பக்கம் பார்த்தான். கேமரா அவன் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அவன் வலது கை மெதுவாக மேலே வந்து ப்ரூவரின் இடுப்பில் தட்டியது. ஒரு தட்டு, இன்னொரு தட்டு.

“வலது” என்றேன் நான், சத்தமாகக்கூட இல்லை.

“என்னடா?” என்றார் அம்மா.

ப்ரூவர் குனிந்தபடியே தலையைத் திருப்பி ஏதோ கேட்டார். டோபின் எந்தப் பக்கமும் கத்தவில்லை. நேரம் போய்க்கொண்டிருந்தது, பந்து வந்தது. வலது பக்கமிருந்து இரண்டு பேர் தடுப்பாரின்றி வந்து அவன் மேல் விழுந்தார்கள். பந்து தெறித்தது, எதிரணிக்காரன் எடுத்துக்கொண்டு ஓடினான். அதை நான்கு தடவை திரும்பத் திரும்பப் போட்டார்கள். பந்தை இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும் என்று பேசினார்கள். இடுப்பில் தட்டிய அந்தக் கையைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு வந்த அணிகளெல்லாம் அதையே செய்தன. ஒரு பக்கம் வந்து நின்று மறுபக்கம் பாய்ந்தன. மூன்று வாரத்தில் அவனை உட்கார வைத்தார்கள். நான் போன் செய்தேன், எடுக்கவில்லை. அடுத்த ஆகஸ்டில் அந்த அணி அவனை விடுவித்தது. வேறு எந்த அணியும் கேட்கவில்லை. விடுவித்த அன்று அவனே கூப்பிட்டான். கடையில் டிராக்டர் பெல்ட்டுக்காக ஒருவர் மேசை முன்னால் நின்றிருந்தார்.

“கார் நிறுத்துற எடத்துல நிக்கிறேன்டா. என் சாமானெல்லாம் பையில போட்டுக் குடுத்துட்டாங்க.”

“கேள்விப்பட்டேன்.”

“இந்தக் கோடைல ஒரு வெள்ளிக்கிழமை விடாம பன்னு வாங்கிட்டுப் போனேன் யோடர். சூடா. ப்ரூவர்தான் இல்ல, ஓய்வு வாங்கிட்டுப் போய்ட்டார்.”

பெல்ட் அளவு எழுதிய சீட்டை மேசைமேல் கவிழ்த்து வைத்தேன்.

“அன்னைக்கு நான் தட்டினேன்டா” என்றான்.

“பாத்தேன்.”

“அந்த மனுஷன் திரும்பி ‘என்ன தம்பி, ஏதாவது வேணுமா’ன்னு கேட்டார்.”

“நான் ‘வலது’ன்னு சொன்னேன் டோபின். சோபால உக்காந்துகிட்டு.”

“கொஞ்சம் சத்தமா சொல்லியிருக்கலாம்ல.”

சிரித்தான். சிரிப்பு நடுவில் உடைந்தது. நான்கு வருடத்தில் அவன் அழுது நான் கேட்டதில்லை. கோழி விட்டதற்கு ஆட்டத்திலிருந்து நிறுத்தியபோதுகூட அவன் அழவில்லை.

“நான் இப்ப என்னடா பண்றது?” என்றான். “நீ சொல்லு.”

பெல்ட்டுக்கு நின்றவரைக் கொஞ்சம் பொறுங்கள் என்று கையைக் காட்டினேன். போனைக் காதில் அழுத்திக்கொண்டு அப்படியே நின்றேன். இந்த முறை எந்தப் பக்கம் என்று எனக்கும் தெரியவில்லை.